கதவும் தலுப்பும்

வேலூரிலிருந்து பிழைப்பு நாடித் திருப்பதிக்கு நாம் வந்து 32 ஆண்டுகள் ஆகின்றன. வந்த நாளில் நம்முடன் வந்தவை இரண்டு இரும்புப் பெட்டிகளும் ஓர் ஊஞ்சற்பலகையுமே. பெட்டிகள் துருப்பிடித்துப் போயின. பலகை மட்டும் இன்றும் முன்கூடத்தில் ஆடிக்கொண்டிருக்கிறது. அப்பலகையின்மீது அமர்ந்து நாம் செய்த பிழை ஒன்றை அன்பர்களிடம் சொல்லவே இதனை எழுதுகிறோம். பிழை சிறியது, ஒரு சொல்லளவே. ஆயினும் அதனால் ஒரு சிறுவன் ஐந்து வாரம் நமது வாயிற்படியை மிதிக்கவில்லை.

நடந்தது 2024-ஆம் ஆண்டுக் கோடையில். சென்னையில் பொறியியல் பயிலும் நமது மகள் வயிற்றுப் பேரன் விடுமுறைக்கு வந்திருந்தான். வந்த மறுநாளே ஒரு தகர டப்பாவைத் திறந்து, கூடத்துப் பாயில் பகடைகளைக் கொட்டினான். நமக்குத் தெரிந்த பகடை தாயக்கட்டை ஒன்றே. நான்கு பக்கம் உடைய பித்தளைக் கட்டை. அது கிடைக்காத வீட்டில் சோழி. இவனுடைய பகடைகளோ ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம். நான்கு முகம் உடையது, எட்டு முகம் உடையது, பன்னிரண்டு முகம் உடையது என்று வரிசையாக எடுத்துக் காட்டி, இறுதியில் நெல்லிக்காய் அளவில் ஒன்றை நமது உள்ளங்கையில் வைத்தான். அதற்கு இருபது முகம்.

இந்த ஆட்டத்தில் காயை வெட்டுவதும் இல்லை. பழம் எடுப்பதும் இல்லை. ஒருவர் கதை நடத்துநராக அமர்கிறார். மற்றவர் ஒவ்வொருவரும் ஒரு வேடத்தை ஏற்கின்றனர்: ஒருவர் வீரர், ஒருவர் மருத்துவர், ஒருவர் ஒற்றர். நடத்துநர் ஓர் இடத்தையும் நிகழ்ச்சியையும் வருணித்துவிட்டு, ‘இப்போது என்ன செய்கிறீர்கள்?’ என்று கேட்பார். ‘மதிலேறிக் குதிக்கிறேன்’ என்பார் ஒருவர். குதிக்க முடியுமா, முடியாதா என்பதைப் பகடை தீர்க்கும். நடத்துநர் குறித்த எண்ணோ அதற்கு மேலோ விழுந்தால் குதித்துவிட்டார். குறைவாக விழுந்தால் காலை ஒடித்துக்கொண்டார். போர்ப்படைப் பொம்மைகளை மேசைமேல் நகர்த்தி ஆடிய ஆட்டங்களிலிருந்து இது பிறந்தது. அமெரிக்க நாட்டில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் 1974-இல் இதனை ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் பெயரில் அச்சிட்டு வெளியிட்டனர். இதில் வென்றவரும் இல்லை, தோற்றவரும் இல்லை.

“ஜெயிக்கிறவங்களே இல்லேன்னா அது என்னடா ஆட்டம்?” என்று இல்லத்தரசியார் வினவினார்.

“கொலு முன்னாடி குழந்தைங்க உட்கார்ந்து பொம்மைகளைப் பேச வைக்குமே பாட்டி, அதுமாதிரி” என்றான் பேரன். அவருக்கு உடனே விளங்கிவிட்டது. நமக்கு அடுத்த கேள்வி தோன்றிற்று: “இதை முழுதும் தமிழில் ஆட முடியுமா?”

முடியும் என்றான். அந்த நொடியில் நமது உள்ளத்தில் ஒரு திட்டம் உருவாகிவிட்டது. சங்கத்துக் குடும்பங்களின் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலமும் தெலுங்கும் படிக்கின்றனர். தமிழ் அவர்களுக்கு வீட்டுப் பேச்சு, அதுவும் பாதி. நாம் நடத்திய ஞாயிறு வகுப்புக்கு முதல் மாதம் பதினொருவர் வந்தனர். நான்காம் மாதம் இருவர். இப்போது ஆட்டம் என்று அழைத்தால் தாமே வருவார்கள். இரண்டு மணி நேரம் வாய் ஓயாமல் தமிழ் பேசுவார்கள். மருந்தை வெல்லத்தில் பொதிந்து கொடுப்பது என்று நாம் மகிழ்ந்தோம். இந்த எண்ணத்தைப் பேரனிடம் கூறினோம், பெற்றோரிடம் கூறினோம். பிள்ளைகளிடம் மட்டும் கூறவில்லை. கூறினால் வகுப்பு என்று ஓடிவிடுவார்கள் அல்லவா!

முதல் ஞாயிறு ஐவர் வந்தனர். மூத்தவன் பத்தாம் வகுப்பு முடித்தவன். அடுத்தது பதின்மூன்று வயதுச் சிறுமி, அவளுடைய தம்பி ஒருவன். பக்கத்து வீட்டுத் தெலுங்குப் பெண் ஒருத்தி, தமிழ் திரைப்படத்தில் கேட்ட அளவுக்கே தெரியும் என்று சொல்லிக்கொண்டே வந்து அமர்ந்தாள். ஐந்தாமவன் பன்னிரண்டு வயதுப் பையன். தந்தை சித்தூரில் ஒரு மாம்பழக்கூழ் ஆலையில் வேலை பார்த்து, ஓராண்டுக்கு முன் திருப்பதிக்கு மாறி வந்தவர். பையன் மூலையில் சுவரோடு ஒட்டி அமர்ந்தான்.

பேரன் கதைக்களத்தை நம் ஊரிலேயே அமைத்தான். 1565-இல் தலைக்கோட்டைப் போரில் தோற்ற விசயநகர அரசர்கள் பெனுகொண்டாவுக்குச் சென்று, பின்னர் சந்திரகிரியைத் தலைநகராகக் கொண்ட காலம். அக்கோட்டையிலிருந்து அரசனின் ஓலை ஒன்றைச் சித்தூர் வழியாக வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுசேர்க்க வேண்டும். ராஜமகாலைப் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்த பிள்ளைகளுக்கு அது கையெட்டும் தூரத்துக் கதை. நாம் ஊஞ்சலில் அமர்ந்து கேட்டோம். இல்லத்தரசியார் சுண்டல் கொடுத்தார்.

இரண்டாம் வாரத்திலேயே உரசல் தொடங்கிவிட்டது. மூத்தவனுக்குச் சண்டை வேண்டும். வழியில் எவர் எதிர்ப்பட்டாலும் வாளை உருவினான். தன் பகடையின் கூட்டலைத் தாளில் எழுதிவைத்து, அடுத்த வாரம் எவ்வளவு வலிமை கூடும் என்று கணக்குப் பார்த்தான். சிறுமிக்கோ எதிர்ப்படுபவரிடமெல்லாம் பேச வேண்டும். கிணற்றடியில் நின்ற கிழவியின் பெயர் என்ன, மகன் எங்கே, ஏன் தனியே இருக்கிறாள் என்று அவள் கேட்டுக்கொண்டே போக, மூத்தவன் பகடையைத் தரையில் தட்டினான். அவளுடைய தம்பி எதற்கும் ஒரு வேடிக்கை செய்தான். ஓலையை ஆட்டுக்குக் கொடுக்கிறேன் என்றான். தெலுங்குப் பெண் வழிப்படத்தை வரைந்துகொண்டு, புதிர் எப்போது வரும் என்று காத்திருந்தாள். பேரன் நால்வரையும் நிறைவு செய்ய முயன்று வியர்த்துப் போனான்.

இஃது அவன் ஒருவனுக்கு நேர்ந்த இடர் அன்று. இவ்வாட்டம் தோன்றிய ஆறாம் ஆண்டில், 1980-இல், கிளென் பிளாக்கோ என்பவர் ஓர் ஆட்ட இதழில் இதனைப் பற்றி எழுதினார். போர்த்தந்திரத்தை விரும்புவோர், வேடத்தில் புகுந்து வாழ விரும்புவோர், வலிமையைச் சேர்க்க விரும்புவோர், கதை வளர்வதை விரும்புவோர் என்று நான்கு நாட்டங்களை அவர் பிரித்துக் காட்டினார். ஒரே பாயில் அமர்ந்தாலும் இவர்கள் ஆடுவது நான்கு ஆட்டம். பேரன் இதனை நமக்குச் சொன்னபோது நாம் தலையை ஆட்டி நகைத்தோம். ஊஞ்சலில் ஐந்தாவது ஆட்டம் ஒன்று நடந்துகொண்டிருந்தது நமக்குத் தெரியவில்லை.

மூன்றாம் ஞாயிறு. கதைமாந்தர் இரவில் ஒரு பாழ்மண்டபத்தில் சிக்கிக்கொண்டனர். வெளியே பகைவரின் குதிரைக் குளம்பொலி. உள்ளே பூட்டிய ஓர் அறை. மூத்தவன்கூட வாயடைத்திருந்தான். இரண்டு வாரம் ‘நானும் அதுதான்’ என்பதற்குமேல் ஒரு சொல்லும் பேசாத சித்தூர்ப் பையன் திடீரென்று முழந்தாளிட்டு எழுந்தான். கண்கள் மின்னின. “நான் தலுப்பைத் தள்றேன்!” என்று கூவினான்.

“கதவு என்று சொல், தம்பி” என்றோம் நாம்.

உரத்த குரலில் அன்று, கனிவாகவே சொன்னோம். ஊஞ்சல்கூட நிற்கவில்லை. ஆனால் கூடம் முழுதும் நின்றுவிட்டது. பையன் நம்மைப் பார்த்தான், பேரனைப் பார்த்தான், மெல்ல அமர்ந்தான். “கதவைத் தள்றேன்” என்றான், தரையைப் பார்த்தபடி. பேரன் பகடையைக் கொடுத்தான். உருட்டினான். இருபது விழுந்தது. அந்த ஆட்டத்தில் அதைவிட உயர்ந்த வீச்சு இல்லை. மற்றப் பிள்ளைகள் ஆரவாரம் செய்தனர். அவன் சிரிக்கவில்லை. சுண்டற் கிண்ணத்தையும் அப்படியே வைத்துவிட்டுப் போனான்.

அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. தாயாரிடம் தொலைபேசியில் கேட்டபோது, பாட்டி ஊருக்குப் போயிருக்கிறான் என்றார். பிறகு சற்றுத் தயங்கி, “அங்க தாத்தா என் பேச்சைக் கேட்டு சிரிப்பாருன்னு சொல்றான் ஐயா, நீங்க தப்பா எடுத்துக்காதீங்க” என்றார். நாம் சிரிக்கவில்லை என்று விளக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டோம். சிரித்தோமா இல்லையா என்பது நாம் தீர்ப்பதற்குரியது அன்று.

சூன் மாத இறுதியில் ஒருநாள், சித்தூரில் நமக்கு இருந்த ஒரு வேலையைச் சாக்காக வைத்துப் புறப்பட்டோம். பேருந்து சந்திரகிரியையும் பூதலப்பட்டையும் கடந்து, ஏறத்தாழ 70 கிலோமீட்டர் ஓடிச் சித்தூரை அடைகிறது. அங்கிருந்து சிறிது தொலைவில் பாட்டியின் சிற்றூர். வாயிலில் புளியமரம். பையன் நம்மைக் கண்டு உள்ளே ஓடிவிட்டான். பாட்டி மோர் கொடுத்துவிட்டு, எந்த ஊர் என்று கேட்டார். வேலூர் என்றோம். எப்போது இங்கே வந்தீர்கள் என்றார். சொல்லிவிட்டு, மரபுக்கேற்ப, தங்கள் குடும்பம் எப்போது வந்தது என்று திருப்பிக் கேட்டோம்.

“நாங்க எங்கேயிருந்தும் வரல சாமி. இங்கேயேதான் இருக்கோம். எங்க தாத்தா பொறந்தப்ப இது வட ஆற்காட்டு ஜில்லா” என்றார் அம்மூதாட்டி.

நாம் சற்று வெட்கினோம். படித்தறிந்த செய்திதான், நினைவில் இல்லை. சித்தூர் ஒரு காலத்தில் வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகர். 1911 ஏப்ரல் முதல் நாள் சித்தூர் மாவட்டம் தனியே அமைந்தது. 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அதனுடன் சேர்ந்தது. 1960 ஏப்ரல் முதல் நாள் எல்லை மீண்டும் திருத்தப்பட்டுத் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. 2022 ஏப்ரல் 4-இல் திருப்பதியும் தனி மாவட்டமாயிற்று. இத்தனைக்கும் நடுவே இந்தக் குடும்பம் புளியமரத்தடியை விட்டு அசையவில்லை. நாம் எல்லையைக் கடந்து வந்தவர்கள். அவர்களையோ எல்லை கடந்து சென்றிருக்கிறது. அவர்கள் வீட்டில் கதவு எத்தனை தலைமுறையாகத் தலுப்பு என்று வழங்குகிறதோ, அதனை ஊஞ்சலில் ஆடிக்கொண்டே திருத்த முற்பட்டோம்!

அன்று அவ்வூரில் பாரதத் திருவிழா. சித்தூர்ப் பக்கத்தைச் சேர்ந்த அன்பர்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. தருமராசர் கோயில் முன் பல நாள், பெரும்பாலும் பதினெட்டு நாள், பகலில் பாரதக் கதை சொல்வதும் இரவில் கூத்து ஆடுவதும் நடக்கும். இறுதியில் மண்ணால் செய்து கிடத்திய துரியோதனன் வீழ்வான், பின்னர்த் தீமிதி. நாம் சென்ற நாள் அருச்சுனன் தபசு. “இருந்து பார்த்துட்டுப் போங்க” என்று பாட்டி கையைப் பிடித்து அழைத்துச் சென்றார். பையன் சற்று விலகி நடந்து வந்தான்.

வெட்டவெளியில் உயரமான மரம் ஒன்று நட்டு, ஏறுவதற்குப் படிக்கட்டைகள் அறைந்திருந்தனர். அருச்சுன வேடமிட்டவர் ஒவ்வொரு படியிலும் நின்று பாடி ஏறினார். பாட்டு தெலுங்கில். கீழே, ஈரப் புடவையுடன் பெண்கள் சிலர் மண்ணில் குப்புறக் கிடந்தனர். குழந்தை வேண்டி நோன்பு இருப்பவர்கள். மரத்தின் உச்சியிலிருந்து அருச்சுனன் எறியும் எலுமிச்சையும் திருநீறும் தம்மேல் விழ வேண்டும் என்று காத்துக் கிடந்தனர். அவர்களுக்கு அது கூத்தே அன்று. சற்றுத் தள்ளி இளைஞர்கள், அவர் கால் வழுக்குமா வழுக்காதா என்று கைப்பேசியில் படம்பிடித்துக்கொண்டிருந்தனர். சிறுவர்களுக்குக் கட்டியக்காரன் போதும். அவன் தெலுங்கில் தொடங்கித் தமிழில் முடித்து, ஒரு மொழியில் கேட்டுவிட்டு மறுமொழியில் விடைசொல்லி, கூட்டத்தைச் சிரிக்கவைத்தான். நம்மோடு வந்த பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மூன்று ஞாயிறு நமது கூடத்தில் அமர்ந்திருந்தவனின் சிரிப்பொலி எப்படி இருக்கும் என்பதையே அன்றுதான் கேட்டோம்.

“இத்தனை பேரும் ஒரே கூத்தைத்தான் பார்க்கிறார்களா?” என்று பாட்டியிடம் சொன்னோம், பாதி தமக்குத் தாமே பேசுவதுபோல.

“அதெப்படி ஒரே கூத்தாகும்? அந்தப் பொண்ணுங்களுக்கு எலுமிச்சம்பழம். பசங்களுக்குக் கோமாளி. எனக்குப் பாட்டு. மேல இருக்கிறவருக்குத் தெரியும் சாமி, யாருக்கு எந்தப் பக்கம் எறியணும்னு. ஏறுறதுக்கு முன்னாடியே கீழ யார் யார் படுத்திருக்காங்கன்னு பார்த்துட்டுத்தான் ஏறுவார்.”

திரும்பும்போது பையன் பேருந்து நிறுத்தம்வரை உடன்வந்தான். “தம்பி, அன்றைக்கு ஆட்டத்தின் நடுவில் நான் குறுக்கிட்டது தவறு” என்றோம்.

“எந்தன்னைக்கு?” என்றான், தெரியாதவன்போல. பேருந்து வரும்வரை இருவரும் அதைப் பற்றி மேலும் பேசவில்லை. ஏறி அமர்ந்த பிறகு சன்னல் வழியாக, “அந்த ரூமுக்குள்ள என்ன இருந்துச்சு?” என்று கேட்டான்.

“எனக்கும் தெரியாது. நீ வராமல் திறக்கமாட்டேன் என்று பேரன் சொல்லிவிட்டான்” என்றோம். அது பொய். நாம் வீடு திரும்பியதும் முதல் வேலையாகப் பேரனிடம் சொல்லி அதனை மெய்யாக்கினோம். நல்வாய்ப்பாக, அந்த வாரங்களில் மற்றப் பிள்ளைகளைக் கொண்டு வேறொரு கிளைக்கதையையே அவன் ஓட்டியிருந்தான்.

“தப்பு என்னுதும்தான் தாத்தா. முதல் நாளே கேட்டிருக்கணும். இதுக்குன்னே ஒரு வழக்கம் இருக்கு” என்றான் அவன். பகடையைத் தொடுவதற்கு முன் ஒருநாள் வெறுமனே அமர்ந்து, யாருக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று பேசிக்கொள்வதாம். அதற்கு ‘செஷன் ஜீரோ’ என்று பெயர். நாம் பூச்சிய அமர்வு என்று கொள்ளலாம். எண்ணிக்கையில் சேராத அமர்வு. அவன் அவசரத்தில் அதனை விட்டுவிட்டான். நாமோ அது நடவாதிருந்ததால் பயன்பெற்றோம்.

சூலை முதல் ஞாயிறு அந்த அமர்வு நடந்தது. பையனும் வந்திருந்தான், பழைய மூலைதான். ஒவ்வொருவராகச் சொன்னார்கள். மூத்தவன், சண்டை இல்லாத வாரத்துக்கு வரமாட்டேன் என்றான். சிறுமி, பேசிக்கொண்டிருக்கும்போது யாரும் பகடையைத் தட்டக்கூடாது என்றாள். அவளுடைய தம்பிக்குத் தன் வேடிக்கைக்கு ஒருவராவது சிரிக்க வேண்டும். தெலுங்குப் பெண், புதிரைத் தமிழில் சொன்னால் இருமுறை சொல்ல வேண்டும் என்றாள். பையன் நெடுநேரம் பாயின் கோரையைப் பிய்த்துவிட்டு, “ஆட்டம் நடக்கும்போது யாரும் வெளியிலேர்ந்து பேசக்கூடாது” என்றான்.

பேரன் ஊஞ்சல் பக்கம் திரும்பினான். “உங்களுக்கு என்ன வேணும் தாத்தா?”

நாம் எதிர்பார்க்கவில்லை. பத்து விழிகள் நம்மேல். சொன்னோம். நீங்கள் தமிழ் பேச வேண்டும் என்பதற்காகவே இந்த ஆட்டத்துக்கு இடங்கொடுத்தோம். அதை உங்களிடம் மறைத்தோம். நமது பிள்ளைகளின் பிள்ளைகள் நம்மோடு பேச மொழி இல்லாமல் போய்விடுமோ என்று அஞ்சுகிறோம். இவ்வளவும் சொல்லும்போது குரல் சிறிது தடுமாறிற்று. பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர். பிறகு சிறுமி சொன்னாள்: “அதை முதல்லயே சொல்லியிருக்கலாமே தாத்தா.”

உடன்பாடு இவ்வாறு ஆயிற்று. ஆட்டம் தமிழில் நடக்கும். வராத சொல் எந்த மொழியில் வந்தாலும் ஆட்டம் நிற்காது. முடிந்த பிறகு பத்து நிமிடம். அதில் சொற்களைக் கேட்கலாம், கேட்டால் மட்டும் நாம் சொல்லலாம். ஆட்ட நேரத்தில் ஊஞ்சலும் ஆடக்கூடாது, கிறீச்சிடுகிறதாம்.

எல்லாம் ஒழுங்காகிவிட்டது என்று எழுத ஆசைதான். மூத்தவன் ஆகத்து மாதத்தோடு நின்றுவிட்டான். அவனுக்குப் போதிய சண்டை கிடைக்கவில்லை. மாலையில் கிரிக்கெட் ஆடப் போகிறான். தெருவில் பார்த்தால் நம்மிடம் நன்றாகவே பேசுகிறான். நமக்கும் வருத்தம் இல்லை. அவன் நாட்டம் இன்னதென்று தெரிந்து, நம்மால் இயலாது என்று தெளிந்து பிரிந்தோம். பேரன் சென்னைக்குத் திரும்பிய பின் சிறுமியே கதை நடத்துகிறாள். அவள் கதையில் கிழவிகள் மிகுதி. தெலுங்குப் பெண்ணின் தமிழ், இரண்டு தமிழ்ப் பிள்ளைகளின் தமிழைவிடச் சீராகிவிட்டது. இது நமது திட்டத்தில் இல்லாதது.

சித்தூர்ப் பையன் தவறாமல் வருகிறான். இன்றும் தலுப்பு என்றே சொல்கிறான். சென்ற மாதம், முடிவில் ஒதுக்கிய பத்து நிமிடத்தில், அவனே நம்மிடம் வந்தான். கதைக்குள் ஒரு வாயிலை உள்ளிருந்து அடைக்க வேண்டியிருந்ததாம். அதை அடைக்கும் இரும்புக்குத் தமிழில் என்ன சொல் என்று கேட்டான். தாழ்ப்பாள் என்றோம். ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டான். பிறகு, “தெலுங்குல என்ன, சொல்லுங்க பார்க்கலாம்” என்றான்.

32 ஆண்டுகளாக இந்த ஊரில், இரவு தவறாமல் அதைப் போட்டுவிட்டுத்தான் உறங்குகிறோம். நமக்குத் தெரியவில்லை. ‘கடிய’ என்று அவன் சொல்லிக்கொடுத்தான். நாம் உச்சரித்ததை இரண்டு முறை திருத்தினான்.